நிராகரிக்கப்பட்டவை

முதல் தேர்தலுக்குப் பள்ளிக்கூடத்தில் கதவு இருக்கவில்லை.
இரண்டாயிரத்துப் பதினொன்று, ஆடி மாதம்.
முதிரையடியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பறை,
மேலே தறப்பாள், வாசலில் ஒரு சாரம் கட்டித் தொங்கியது.
பெட்டிக்கு அரக்கு உருக்க நெருப்பில்லை.
முகவர்கள் நால்வரும் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்கள்.
வெளியே நின்ற சீருடைதான் லைற்றர் தந்தது.

இடாப்பு பழையது.
நான் அப்போது எழுதுவினைஞர், பெயர் வாசிப்பது என் வேலை.
வாசிக்க வாசிக்க வரிசை பதில் சொன்னது:
"அவ கனடா."
"அது நான்தான், வயசு பிழை."
"அடுத்ததை வாசியுங்கோ பிள்ளை."
வாக்களித்தவர் பெயருக்கு மட்டும் கோடு கீறலாம்.
பின்னேரம் நான்கு மணிக்கு
பக்கம் பக்கமாய்ப் பெயர்கள்
கோடு படாமல், சுத்தமாய்.

பதினெட்டில் கதவு வந்திருந்தது. மின்விசிறியும்.
நான் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர்,
வட்டாரமுறை புதிது,
எண்ணுவதும் அதே அறையில்.
மேல் சின்னத்தில் கமலரூபி, விதைக்கடை.
கீழ்ச் சின்னத்தில் இரத்தினவடிவேல்,
நீர்ப்பாசனத்தில் ஓவசியராய் இருந்து ஓய்ந்தவர்.
எட்டு மணிக்கு
அவவுக்கு இருநூற்றுப் பதினேழு.
அவருக்கு இருநூற்றுப் பதினேழு.
மேசையில் மிச்சம் ஒரே ஒரு சீட்டு.

கமலரூபிக்கு நேரே, கட்டத்துக்குள், வடிவான புள்ளடி.
அதன் கீழே
நூலில் நாங்கள் கட்டிவிட்ட அதே நீலப் பேனையால்:
மூண்டாம் வாய்க்காலுக்கு மதகு போடவும்.
பிள்ளையள் செருப்பைக் கையில கொண்டு போகுதுகள்.

வாக்காளரை அடையாளம் காட்டும் எதுவும்
சீட்டில் இருக்கலாகாது. விதியை உரக்க வாசித்தேன்.
"அடையாளமோ?" என்றார் ஒரு முகவர்.
"முழு ஊரும் அந்த வாய்க்காலாலதானே அம்மா போகுது."
ஒருவரும் சிரிக்கவில்லை.
நிராகரிக்கப்பட்டவை: ஒன்று.
எழுதி ஒப்பமிட்டேன்.
இலக்கம் ஒன்று போட ஒரு கீறல்தான், அதற்குள் கை வியர்த்துவிட்டது.

சோக்குப் பெட்டிக்குள் இரண்டு துண்டு போட்டுக் குலுக்கினோம்.
இரத்தினவடிவேலின் பெயர் வந்தது.
கமலரூபி எழும்பி,
கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனா.

இருபத்து மூன்றில் கட்டுப்பணம் கட்டினார்கள்.
திகதி வந்தது. காசில்லையாம், திகதி போனது.
கமலரூபியிடம் அச்சடித்தபடி இரண்டாயிரம் நோட்டீஸ்,
பின்பக்கம் வெறுமை.
அந்தப் போகம் முழுக்கப்
பயிற்றை விதையை அதில்தான் மடித்துக் கொடுத்தா.
வீட்டுக்கு வீடு அவவின் முகம் போனது
நூறு கிராம் நூறு கிராமாய்.
என் வீட்டுக்கும் வந்தது.
சுருளைப் பிரித்து விதையைக் கொட்டிவிட்டு
அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்
அரிசி வாளியின் மூடிக்குக் கீழே வைத்தேன்.

இருபத்தைந்து, வைகாசி. மறுபடி எனக்கு முதிரையடி.
மதகு வந்துவிட்டது. கல்லில் இரத்தினவடிவேலின் பெயர்.
அவர் இம்முறை கேட்கவில்லை, முழங்கால்.
புதிதாய் ஒரு பெடியன், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன்,
தன் குரலையே மூன்று கிழமை ஊருக்குப் போட்டுக் காட்டினான்.
கமலரூபி நாற்பத்தொரு வாக்கால் வென்றா.

நிராகரிக்கப்பட்டவை ஏழு.
இரண்டு வெறுமை, மூன்றில் எல்லாச் சின்னத்துக்கும் புள்ளடி,
ஒன்றில் யாரோ ஒரு பூ கீறியிருந்தார்.
ஏழாவது,
அதே சாய்வெழுத்து:
மதகு காணும். குழாயை உயரத்தில வைச்சிட்டாங்கள்.
இப்ப தண்ணி ரோட்டில நிக்குது.

முகவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
நாற்பத்தொன்று இருக்கிறதே, ஒருவரும் வாதாடவில்லை.
உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை வைத்தேன்.

சிறுபோகத் தண்ணீர் திறந்திருந்த இரவு.
வாகனம் இதற்குள்ளால் வராது என்றார் சாரதி.
பொலிஸ்காரர் பெட்டியைத் தலையில் தூக்கி
ரோச் வெளிச்சத்தில் முன்னே நடந்தார்.
நான் செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்தேன்.